கேன்சல் செய்தால் கூப்பிடுவான்

"கூப்பிடுவான் பாரு," என்றார் என் வீட்டுக்காரர்.

ஃபோனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காதவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். பைபாஸ் ரோடு திருப்பம், டயர் கடை வாசல், காலை மணி எட்டே முக்கால். ஃபோன் பேசாமல் கிடந்தது.

"கேன்சல் பண்ணிட்டீங்களா?"

"பண்ணினாத்தானே கூப்பிடுவான்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கல்லூரிக் கட்டடம் இருக்கிறது. பத்தரை மணிக்கு அதன் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் நான் உள்ளே இருக்க வேண்டும். எங்களுடையது மூக்குக்கண்ணாடிக் கடை. கண்ணை அளந்து கண்ணாடி போட்டுக் கொடுக்க லைசென்ஸ் உள்ள ஆள் கடையில் இருக்க வேண்டும் என்பது சட்டம். வேலை முழுக்க நான்தான் செய்கிறேன். ஆனால் சுவரில் தொங்குகிற லைசென்ஸ் வேறொருவருடையது. வாரத்துக்கு இரண்டு நாள் வருவார், உட்காருவார், பேப்பர் படிப்பார், எழுந்து போவார், மாதம் முடிந்தால் சம்பளம் வாங்கிக்கொள்வார். நாங்கள் அவரை 'நாற்காலி' என்போம். அவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் நான் செய்முறைப் பரீட்சை தேற வேண்டும். மூன்று தடவைதான் எழுதலாம். முதல் தடவை கை நடுங்கிக் கோட்டை விட்டேன். இரண்டாவது தடவை எட்டு நிமிஷம் தாமதமாகப் போய்ச் சாத்திய கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். காரணம், பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் ஒரு குடைக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். இன்று மூன்றாவது. இதுவும் போனால் இரண்டு வருஷப் படிப்பை முதலிலிருந்து படிக்க வேண்டும். எனக்கு நாற்பத்தாறு வயது.

எங்களிடம் வேன் இருக்கிறது. மெக்கானிக் ஷெட்டில், வேலையெல்லாம் முடிந்து, கழுவித் துடைத்து நிற்கிறது. மெக்கானிக் கூலி கூடக் கேட்கிறான் என்று இவர் எடுக்கவில்லை. "ரெண்டு நாள் கிடக்கட்டும். எடத்தை அடைக்குதுன்னு அவனே இறங்கி வருவான்." பரீட்சை இன்றைக்கு என்பது அந்த இரண்டு நாள் கணக்கில் விழவே இல்லை. எட்டு மணி பஸ்ஸில் போகலாம் என்றார். எட்டு மணி பஸ்ஸை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறதாம். எல்லோரும் ஆப்பில் சீட் பிடித்துக் காரில் போகிறார்களாம், பஸ் காலியாக ஓடியதாம்.

ஆப்பின் பெயர் 'கூடவா'. சொந்த வேலையாகக் காரில் போகிறவர்கள் தாங்கள் போகும் பாதையைப் போட்டுவைப்பார்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் காலி சீட்டைப் பிடித்துக்கொள்ளலாம். கட்டணத்தை ஆப்பே போடும். ஏறியவர் ஓட்டியவருக்கு ஸ்டார் போட வேண்டும், ஓட்டியவர் ஏறியவருக்கு. நல்ல ஏற்பாடுதான். என் வீட்டுக்காரரைப் போன்ற ஒரு பிறவி இருக்கும் என்று அதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைத்தெருவில் இவருக்கு 'முக்கால்' என்று பெயர். எதையும் சொன்ன விலையில் முக்காலுக்கு மேல் கொடுத்து வாங்கியது கிடையாது. பிறந்தது துணிக்கடை வீட்டில். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுப்பதே கடையை விட்டு இறங்கி நடப்பதற்குத்தான். விலை படியவில்லையா, இறங்கு. அவசரப்படாதே. திரும்பிப் பார்க்காதே. ஏழு அடி. ஏழாவது அடிக்குள் கூப்பிடாத கடைக்காரனை அவர்கள் வம்சத்தில் யாரும் கண்டதில்லை. நானும் பாத்திரக் கடையில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டில் அது ஐந்து அடி.

ஆப்பில் அடி எடுத்து வைக்க இடமில்லையே. அதனால் இவர் கண்டுபிடித்த வழி கேன்சல். சீட் பிடிப்பார். ஓட்டுகிறவர் கிளம்பியதும் ஃபோன் போட்டு, "கடைசியா சொல்லுங்க," என்பார். "சார், ரேட் நான் போடலை, ஆப் போட்டது," என்று அந்த மனிதர் சொல்லுவார். "அப்ப வேண்டாம்," என்று கேன்சலை அமுக்கிவிட்டுக் காத்திருப்பார்.

"இது ரெண்டாவது ஆள்," என்றேன். "ரெண்டு பேரும் கூப்பிடலை."

"முதல் ஆளுக்குத் தொழில் தெரியாது. இவன் யோசிக்கிறான்."

"ஏங்க, அவன் இந்நேரம் ஆத்துப் பாலத்தைத் தாண்டியிருப்பான்."

"போகட்டும். ரோட்டுல ஓடுற காரெல்லாம் எதுக்கு இருக்கு?" என்று ரோட்டோரமாகப் போய்க் கையை நீட்டினார்.

அதில் இவர் கெட்டிக்காரராக இருந்த காலம் ஒன்று உண்டு. சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் லிஃப்ட்தான். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து போய், கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தலை நரைத்த மாதிரி ஆகியிருக்கிறது. ஆனால் யாராவது நிறுத்துவார்கள். இன்று ஒருவரும் இவரைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு காரிலும் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு ஃபோன் மாட்டியிருந்தது, ஓட்டுகிறவர் கண் அதில் இருந்தது. ஒரே ஒரு வெள்ளைக் கார் வேகத்தைக் குறைத்தது. இவர் முகமெல்லாம் சிரிப்பாக ஓடினார். கண்ணாடியை இறக்கி, "பச்சைப் பையோட நிக்கிறேன்னு போட்டது நீங்களா?" என்று கேட்டாள் ஓட்டிவந்த பெண்.

"பையில்ல. ஆனா நான் அந்தப் பக்கம்தான்…"

கண்ணாடி ஏறிவிட்டது.

"அந்தக் காலத்துல பை என்ன கலர்னு எவன் கேட்டான்," என்று முனகிக்கொண்டே வந்தார்.

"மணி ஒன்பதாச்சு. விலை பேசாம ஒரு சீட் பிடிங்க. உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்."

"ரெண்டு சீட் பிடிக்கிறேன். பேசலை. போதுமா?"

ஒன்பதே கால் மணிக்கு ஒரு நீலக் கார் வந்து டயர் கடைக்கு எதிரே நின்றது. ஓட்டி வந்தவருக்கு முப்பது வயசு இருக்கும். பல் செட் செய்கிற பட்டறையில் வேலையாம், தினமும் அந்த ஊருக்குப் போய்வருகிறவர். முகத்தில் இருந்த கண்ணாடி வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, மூக்கில் உட்காரும் ரப்பர் பட்டை, கடையில் நோஸ் பேட் என்போம், அது ஒரு பக்கம் இல்லை. நான் பின்கதவைத் திறக்கக் கை வைத்தேன். இவர் ஜன்னலில் குனிந்தார்.

"தம்பி, காலிக் காரு எப்படியும் போகப்போகுது. எங்களை ஏத்தாட்டியும் பெட்ரோல் அதே பெட்ரோல்தான். கடைசியா சொல்லுங்க."

"சார், ரேட்டு ஆப்புல வந்திருக்குமே."

"ஆப் கிடக்குது. நீங்க மனுஷன், நான் மனுஷன்."

"நான் மாத்த முடியாது சார்."

இவர் நிமிர்ந்தார். கட்டைவிரலால் ஃபோனில் ஒரு தட்டு. திரும்பினார். நடக்க ஆரம்பித்தார். நிதானமாக, தோளைத் தளர்த்திக்கொண்டு, எங்கள் கல்யாணத்துக்குப் புடவை எடுத்த அன்று நடந்தாரே, அதே நடை. ஒன்று, இரண்டு, மூன்று. நான் கார்க் கதவில் கையை வைத்தபடி எண்ணினேன். வேறென்ன செய்வது. ஆறு. ஏழு. எட்டாவது அடியில் அவர் காலே தயங்கியது. அந்தக் குடும்பத்தில் யாரும் எட்டாவது அடி வைத்தது கிடையாது.

காருக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் பேசியது. ஆப்பின் குரல். "உங்கள் பயணிகள் பயணத்தை ரத்து செய்துள்ளனர். உங்கள் மீது ஒரு புகார் வந்துள்ளது. உங்கள் மதிப்பெண் நான்கு புள்ளி ஐந்து."

பல் தம்பியின் முகம் செத்துப்போயிற்று. "புகாரா? என்ன புகார்?"

"என்னங்க பண்ணித் தொலைச்சீங்க?"

"காரணம் கேட்டுச்சு. விலை அதிகம்னு ஒண்ணும் இல்லை அதுல. பக்கத்துல இருந்ததை அமுக்கினேன்."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

"ஓட்டுநர் நடத்தை சரியில்லை."

அதே சமயம் இவர் ஃபோனிலும் அந்தக் குரல் பேசியது. மூன்று தடவை ரத்து செய்ததால் இவருக்கு இருபத்து நாலு மணி நேரம் ஓய்வாம். சொன்னதோடு நில்லாமல் நன்றி வேறு சொன்னது.

"தம்பி, என்னை மட்டுமாவது ஏத்திக்குங்க," என்றேன். "பரீட்சை. பத்தரைக்குள்ள போகணும்."

"அக்கா, ஆப் இல்லாம ஏத்தினா வண்டியில எடை கூடினதே அதுக்குத் தெரியுதோ என்னமோ, கேள்வி கேக்குது. ரெண்டு சீட்டும் திரும்பக் காலின்னு போயிடுச்சு. பாலத்துக்கிட்ட ஒருத்தர் ஒண்ணைப் பிடிச்சுட்டார். ஒண்ணுதான் இருக்கு. உங்க ஃபோன்ல பிடிங்க, சீக்கிரம்."

என் ஃபோனில் அந்த ஆப்பை இறக்கி, பெயர் எழுதி, எண் எழுதினேன். கடைசியில் முகத்தைக் காட்டச் சொன்னது. மூக்குக்கண்ணாடி இல்லாமல் காட்டணுமாம். கழற்றினால் எனக்குத் திரை தெரியாது. இவர் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் இடது, சிரிக்காதே," என்றார். நான் எங்கே சிரித்தேன். வரிசையாக ஏதேதோ கேட்டது. இவர் வாசித்தார், நான் அமுக்கினேன். சீட் கிடைத்துவிட்டது.

ஏறி உட்கார்ந்தேன். இவர் ஜன்னலில் நின்றார்.

"நான் பின்னாடியே வந்துடுறேன்."

"எதுல?"

டயர் கடைக்காரர் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கார் கிளம்பியது.

பாலத்தில் ஏறியவர் முன்சீட்டில் உட்கார்ந்து, காதில் எதையோ சொருகிக்கொண்டு, இரண்டே நிமிஷத்தில் தூங்கிப்போனார். பல் தம்பி ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கை மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. மேலே தள்ளுவார், ஃபோனில் பாதையைப் பார்க்கக் குனிவார், கண்ணாடி சரியும், வேகத்தைக் குறைப்பார். எங்களை ஒரு தண்ணீர் டிராக்டர் முந்திக்கொண்டு போயிற்று.

"எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் தம்பி?"

பேசவில்லை. விரலால் ஃபோனைக் காட்டினார். 10.41 என்று இருந்தது.

"பத்தரைக்குக் கேட்டைச் சாத்திடுவாங்க. சொன்னேனே."

தலையை மட்டும் ஆட்டினார்.

"வாயில பல் செட்டு வச்சிருக்கீங்களா? பேசுங்களேன்."

பின்பக்கம் பார்க்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார். பிறகு பயந்து பயந்து, "நீங்கதான் பேச்சு வேண்டாம்னு போட்டிருக்கீங்க. பேசினா ஸ்டார் குறையும்," என்றார்.

என் வீட்டுக்காரர் வாசித்து நான் அமுக்கியதில் அதுவும் ஒன்று போல. அதைத் தேடி மாற்றுவதற்குள் இரண்டு கிலோமீட்டர் போயிற்று. ஆப், "உங்கள் பயணி இப்போது உரையாடலை விரும்புகிறார்," என்று அறிவித்தது. அவர் அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினார். நாலரைக்கு ஒரு புள்ளி கீழே போனால் ஒரு மாதத்துக்கு அவரை ஆப் தூக்கிவிடுமாம். ஆள் ஏற்றாமல் தினம் எண்பது கிலோமீட்டர் ஓட்ட அவர் சம்பளம் தாங்காதாம். இப்போது ஒரு புகார் வேறு.

"மில்லுக்குப் பின்னாடி ஒரு ரோடு இருக்கு தம்பி. லாரிக்காரங்க போவாங்க. பன்னண்டு நிமிஷம் மிச்சம்."

"தெரியும்க்கா. பாதை மாறினா அது ஒரு பதிவு. புகாரும் பாதை மாறினதும் சேர்ந்தா நான் காலி. புகார் இல்லாட்டி தைரியமாத் திருப்பிடுவேன்."

ஃபோனை எடுத்து இவரைக் கூப்பிட்டேன்.

"அந்தப் புகாரை எடுங்க."

"எடுக்க முடியுமா?"

"திரும்பப் பெறுன்னு ஒண்ணு இருக்காம். அமுக்குங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், இந்த மனிதர் கேட்டார்: "எடுத்தா நமக்கு என்ன? ரேட்டைக் குறைப்பானான்னு கேளு."

நான் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொண்டேன். திட்டினால் மசியமாட்டார், அழுதால் குழம்புவார். அவர் பாஷையில்தான் பேச வேண்டும்.

"இங்க பாருங்க. இப்ப எடுக்காட்டி நான் போய்ச் சேரமாட்டேன். நான் போகாட்டி இன்னும் ரெண்டு வருஷம் நாற்காலி வருவாரு. உக்காருவாரு. பேப்பர் படிப்பாரு. மாசாமாசம் நீங்களே உங்க கையால எண்ணிக் குடுப்பீங்க. முக்கால் இல்லை. முழுசா."

நான் பேசி முடிக்கவில்லை. முன்னாலிருந்து ஆப் பேசியது. "உங்கள் மீதான புகார் திரும்பப் பெறப்பட்டது."

பல் தம்பி உடனே மில் ரோட்டில் திருப்பினார்.

ரோடா அது. குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் கண்ணாடி மூக்கிலிருந்து குதித்தது. ஒரு தடவை மடியில் விழுந்தது, தடவி எடுப்பதற்காகக் காரையே நிறுத்தினார். மிச்சம் பிடித்த பன்னிரண்டு நிமிஷமும் மூக்கில் செலவாகிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க. கண்ணாடியை இங்க குடுங்க."

"அக்கா, நேரமாகுது."

"அதனாலதான் கேக்கிறேன்."

என் மடியில் பரீட்சைப் பெட்டி இருந்தது. சின்ன ஸ்க்ரூ டிரைவர், குறடு, திருகாணிகள், ஒரே ஒரு ஜோடி நோஸ் பேட். சாமான் நம்முடையதாக இருக்க வேண்டும், அவர்கள் எதுவும் தரமாட்டார்கள், கடன் வாங்கவும் கூடாது என்று ஹால் டிக்கெட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த ஜோடியைப் பார்த்தேன். ஒன்றை எடுத்தேன். ஒரு நிமிஷ வேலை. முதல் தடவை கை நடுங்கிய பரீட்சை அறை மாதிரி இல்லை, கார் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போது கை கல்லாக நின்றது.

அவர் போட்டுப் பார்த்தார். தலையைக் குனிந்தார், ஆட்டினார், நிமிர்ந்தார். கண்ணாடி அசையவில்லை.

"ஏழு மாசமாச்சுக்கா இது விழுந்து."

"ஓட்டுங்க. பல்லைப் பார்க்கிறவருக்கு மூக்கைக் கவனிக்க நேரமில்லை."

அப்புறம் அந்தப் பிள்ளை இரண்டு கையாலும் ஓட்டியது. முன்சீட்டுக்காரர் கடைசிக் குழியில் தலை இடித்து விழித்து, ரோட்டைப் பார்த்துவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் கேட்டுக்குள் நுழைந்தபோது பத்து இருபத்தெட்டு. காவலாளி சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டார்.

பரீட்சை அதிகாரி ஒரு ஒல்லியான அம்மாள். என் மேசையில் ஒரு ஃபிரேமை வைத்தார். வளைந்த காதுக் கம்பி, கழன்ற திருகாணி, இரண்டு பக்கமும் நோஸ் பேட் இல்லை. இல்லாமல் இருக்குமா. கம்பியை நிமிர்த்தினேன், திருகாணியை முடுக்கினேன், இருந்த ஒரு பேடை மாட்டினேன். அம்மாள் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். நான் என் கண்ணாடியைக் கழற்றி, அதிலிருந்து ஒன்றைப் பிடுங்கி, அந்த ஃபிரேமில் மாட்டிக் கொடுத்தேன். பிறகு கோணல் கண்ணாடியோடு, ஒரு விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மிச்ச அளவுகளை எழுதி முடித்தேன்.

அம்மாள் ஃபிரேமைச் சமதளமான கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தார். ஆடவில்லை. கையெழுத்துப் போட்டார். "தேறிட்டீங்க. ஊருக்குப் போனதும் உங்க கண்ணாடியைச் சரி பண்ணிக்குங்க," என்றார்.

ஒன்றரை மணிக்குத்தான் கேட்டைத் திறந்தார்கள். ஃபோனை உயிர்ப்பித்ததும் ஆப், பயணம் எப்படி இருந்தது என்று கேட்டது. ஐந்து ஸ்டாரும் போட்டேன். குறிப்பு எழுத இடம் இருந்தது. 'நடத்தை மிகச் சரி' என்று எழுதினேன்.

எதிரே, மர நிழலில், எங்கள் வேன் நின்றது. அதன் படியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினேன். வாங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"பதினோரு மணிக்கே வந்துட்டேன். கேட் சாத்தியிருந்துச்சு. நீ உள்ள இருக்கியா, திரும்பிப் போயிட்டியான்னு தெரியலை. ஃபோனும் போகலை. சுத்தி வந்து பார்த்தேன். வெளிய எங்கயும் இல்லை. சரி, உள்ளதான்னு உக்காந்துட்டேன்."

"வேன் எப்படி வந்துச்சு?"

"ஷெட்டுலருந்து."

"அது தெரியுது. எத்தனை அடி நடந்தீங்க?"

வேறு பக்கம் பார்த்தார்.

"நடக்கலை."

"ஒரு அடி?"

"கேட்டதைக் குடுத்தேன். சாவியைக் குடுத்தான்."

எனக்குக் கோபம் வந்தது. "நாந்தான் கிளம்பிட்டேன்ல? அதுக்கப்புறம் எதுக்கு முழுசாக் குடுத்தீங்க? இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா அவனே கொண்டாந்து வாசல்ல நிறுத்தியிருப்பான்."

"அதைத்தான் நானும் வழியெல்லாம் நினைச்சுக்கிட்டு வந்தேன்," என்றார். "கடைத்தெருவுல யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்லாட்டி எனக்கு என்ன?"

நிமிர்ந்து பார்த்தார். பழக்கமான வெளிச்சம் முகத்தில் வந்தது. "என்ன வேணும்?"

"லைசென்ஸ் என் பேர்ல. கல்லாவுல நான் உக்காருவேன்."

"காலையில நீ, சாயங்காலம் நான்."

நான் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். சரிந்த கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளினேன். திரும்பி, பஸ் ஸ்டாண்டு இருந்த பக்கமாக, அவசரமில்லாமல் நடக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது அடியிலேயே கூப்பிட்டார்.